போடிக்குக் கொண்டுபோன கார் கம்ப்யூட்டர்

விமான நிலையத்துச் சுங்க அதிகாரி என் துணிகளுக்கு நடுவிலிருந்து அந்த அலுமினியப் பெட்டியை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். தடித்த நோட்டுப்புத்தகம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கம்பிகள்.

“என்ன சார் இது?”

“கார் இன்ஜினோட கம்ப்யூட்டர். பழசு. தங்கச்சி வண்டிக்குக் கொண்டுபோறேன்.”

“பழசையா கடல் தாண்டிக் கொண்டுவர்றீங்க?”

மலேசியாவில், ஈப்போ வீட்டில் என் மனைவியும் இதே கேள்வியைத்தான் கேட்டாள், இன்னும் கொஞ்சம் காரமாக. ஊருக்குப் போகிறவன் தைலமும் சாக்லேட்டும் கொண்டுபோவான். நான் மட்டும் இரும்புக்கடைச் சாமான் கொண்டுபோகிறேனாம். ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலில் அனுப்பும் பழைய கார்களைக் கழற்றி விற்கிற கடைகள் எங்கள் பக்கம் ஏராளம். அதில் நாலு கடை ஏறி இறங்கி, பெட்டிமேல் ஒட்டியிருந்த எண்ணை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து வாங்கிய எனக்குத்தான் அதன் அருமை தெரியும். அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நல்லபடியா ஓடட்டும், போங்க” என்றார். நல்ல மனிதர்.

ஈஸ்வரி என் சித்தப்பா மகள். சித்தப்பா மலேசியா வேண்டாம் என்று குடும்பத்தோடு போடிநாயக்கனூருக்குத் திரும்பியபோது அவளுக்கு நாலு வயது. இப்போது ஐம்பது. நாலு வருஷத்துக்கு முன்னால் கணவர் இறந்துபோனார். மலைமேல் போடிமெட்டைத் தாண்டி, கேரள எல்லைக்குள் அவர் விட்டுப்போன இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அதற்காகவே நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கணவர் ஓட்டிய அதே பதினெட்டு வயதுக் கார்.

அந்தக் கார் மூன்று மாதமாக மலையில் நின்று நின்று போயிருக்கிறது. கடைசியாக ஒரு கொண்டை ஊசி வளைவில், பின்னால் இரண்டு காய் பறிக்கும் பெண்கள் உட்கார்ந்திருக்க, இன்ஜின் அணைந்து வண்டி பின்னோக்கி உருண்டிருக்கிறது. இவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண் மேட்டில் ஒட்டி நிறுத்தியிருக்கிறாள். யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று மாலையே கணவரின் அண்ணன் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இவளுக்கு ஓட்டத் தெரியவில்லை, கிளட்சை விடத் தெரியவில்லை, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இருக்கட்டும் என்பது அவர் தீர்ப்பு. முதலில் வண்டியைப் பார்த்த மெக்கானிக்கும் அதையே சொல்லிவிட்டான்.

லேசில் அழாதவள், போனில் அழுதாள். “அண்ணே, சத்தியமா நான் ஒழுங்காத்தாண்ணே ஓட்டுனேன். காஜா பாய்னு இங்க ஒருத்தர் இருக்காரு, அவரு மட்டுந்தான் கம்ப்யூட்டரா இருக்கலாம்னு சந்தேகப்படுறாரு. இங்க கெடைக்கிறதெல்லாம் குப்பையாம்.” மறுநாளே கடை கடையாக ஏறினேன்.

போடிக்கு பஸ்ஸில் போனேன். என் ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. “கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க” என்றார் கண்டக்டர். அங்கிட்டு மூன்று பேர் ஏற்கெனவே இருந்தார்கள். நான் சட்டையைக் கழற்றிக் கம்ப்யூட்டரைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பனியனோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சீட்டுப் பெண், “பிள்ளையாண்ணே உள்ள இருக்கு?” என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. அப்படி, ஈரப் பனியனோடுதான் நான் போடியில் இறங்கினேன். அழைத்துப்போக வந்திருந்த பெரியவரை, அதாவது ஈஸ்வரி கணவரின் அண்ணனை, அந்தக் கோலத்தில்தான் முதன்முதலாகச் சந்தித்தேன். அவர் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் இருந்தார்.

“வாங்க மாப்ளே. மலேசியால சட்ட கெடைக்காதோ?” என்றார். இந்த ஆளிடம் சாவி வாங்குவது லேசில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது.

போடியின் தெருக்களில் ஏலக்காய் வாசனை சும்மா அடிக்கிறது. திறந்திருக்கும் கதவுகளுக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த ஊரில் நான் குடித்த முதல் டீயில் ஏலக்காய் இல்லை, இஞ்சிதான் இருந்தது. டீக்கடைக்காரரிடம் கேட்டேன். “அது விக்கிறதுக்குண்ணே, குடிக்கிறதுக்கில்ல” என்றார். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றித் தரும் தே தாரிக் டீயில் இருக்கும் சர்க்கரைக்கு இந்த டீ எவ்வளவோ மேல். பரோட்டாவைச் சொல்லவே வேண்டாம். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் அப்பளம் மாதிரி மொறுமொறுக்கும். இங்கே அடித்துப் பஞ்சாக்கிச் சால்னாவில் குளிப்பாட்டிவிடுகிறார்கள். நாலு தின்றேன். எதிரே உட்கார்ந்திருந்த ஈஸ்வரி ஒன்றைப் பிய்த்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பெரியவர் தானே காரை ஓட்டிக்கொண்டு காஜா பாயின் பட்டறைக்கு வந்தார். வீட்டிலிருந்து பத்து நிமிஷம். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. இறங்கியதும் முதல் வேலையாக ஈஸ்வரியைப் பார்த்தார்.

“பாத்தியா ஆத்தா? நான் ஓட்டுனா நிக்கல.”

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவேளை இவளுக்கு உண்மையிலேயே ஓட்ட வரவில்லையோ? நான் ஒரு முட்டாள் அண்ணனாகப் பழைய சாமானைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்துவிட்டேனோ? பெரியவர், “எனக்குச் சோலி கெடக்கு. முடிஞ்சா சொல்லி அனுப்புங்க” என்று ஒரு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். சாவியை மறக்காமல் காஜா பாய் கையில் கொடுத்தார், ஈஸ்வரியிடம் கொடுக்கவில்லை.

காஜா பாய்க்கு நாற்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுகிறவர். நான் பெருமையோடு பெட்டியை நீட்டினேன். வாங்கிப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து, துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

“மாட்டலையா பாய்?”

“சந்தேகம்னுதாண்ணே சொன்னேன். நீங்க கொண்டாந்துட்டீகங்குறதுக்காக மாட்ட முடியுமா?”

எனக்குச் சுருக்கென்றது. கடல் தாண்டி, பனியனோடு நனைந்து கொண்டுவந்திருக்கிறேன், இந்த மனிதர் அலமாரியில் வைக்கிறார்! ஆனால் அவர் செய்ததைப் பார்க்கப் பார்க்க என் கோபம் அடங்கிவிட்டது. முதலில் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைக் காரில் மாட்டினார். நாலு சென்சார் ஒரே நேரத்தில் கெட்டுவிட்டதாகத் திரையில் வந்தது.

“நாலு பேரும் ஒண்ணாச் சேந்து பொய் சொல்ல மாட்டாகண்ணே. கேக்குறவன் காதுலதான் கோளாறு” என்றார்.

காரின் முன்பக்கம் இடது சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கும் இடம் இருக்கிறதே, அதன் ஓரத்து மூடியைக் கழற்றினார். உள்ளே என் பெட்டியின் அண்ணன் போல ஒரு பெட்டி. இன்ஜினை ஓட விட்டார். பிறகு பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போய், மனைவி தலை உலர்த்தும் டிரையரை எடுத்துக்கொண்டு வந்தார். நான் ஈஸ்வரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவர் அந்தச் சூடான காற்றைப் பெட்டிமேல் பிடித்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். இன்ஜின் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது.

டிரையரில் சூட்டை நிறுத்தி வெறும் காற்றை விட்டார். பெட்டி ஆறியது. சாவியைத் திருப்பினார், பிடித்துக்கொண்டது. மறுபடி சூடு, மறுபடி அணைந்தது. மூன்று தடவை இதே கதை. மலை ஏறி ஏறி வண்டி முழுக்கச் சூடான பிறகுதான் நோய் வெளியே வருகிறது. பத்து நிமிஷம் ஓட்டுகிற பெரியவருக்கு அது எப்படித் தெரியும்?

“அக்கா, டிரைவர் சீட்டப் பாருங்க” என்றார் காஜா பாய். சீட்டு காலியாக இருந்தது. “ஆளே இல்லாம நிக்குது. இப்ப கிளட்ச யாரு தப்பா விட்டது?”

ஈஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. என் கண்ணும் கலங்கிவிட்டது, என்னத்தைச் சொல்ல. “இப்பவாவது மாட்டுங்க பாய்” என்றேன். அவர் தலையாட்டினார், இல்லை என்று.

“இது ஏன் செத்துச்சுன்னு தெரியாம மாட்டுனா, அடுத்ததுக்கு நீங்க மறுபடியும் பிளேன் ஏறணும்ணே.”

மூன்றாம் நாள் காலையில் தரைவிரிப்பைக் கழற்றினார். கழற்றியதும் பட்டறை முழுக்க ஏலக்காய் மணந்தது. விரிப்பின் அடியில் பஞ்சு சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. அதற்குள் மூன்று பச்சைக் காய், வெடித்துச் சிதறிய கறுப்பு விதைகள். பழைய கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே சர்க்யூட் பலகையில் பச்சைப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

“மழத் தண்ணியா பாய்?” என்றேன்.

அவர் ஈஸ்வரியைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“நான் வச்ச மூட்டைண்ணே” என்றாள்.

விஷயம் இதுதான். அவளுக்குக் காய் உலர்த்தும் ஸ்டோர் சொந்தமாகக் கிடையாது. பறித்த பச்சைக் காயை அன்றன்றைக்கே நாலு கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். மண்ணோடு போனால் ஸ்டோர்க்காரர் முகம் சுளிப்பார் என்று ஓடையிலேயே அலசி, சாக்கில் கட்டித் தண்ணீர் சொட்டச் சொட்டக் காரில் ஏற்றியிருக்கிறாள். பின்சீட்டில் காய் பறிக்கும் பெண்கள் உட்காருவார்கள். டிக்கியில் வைத்திருக்கலாம். ஆனால் அங்கே பூச்சிமருந்து கேன் இருக்கிறது.

“காய் வாடைய இழுத்துக்கும்ணே. மருந்து வாடை ஏறிருச்சுன்னா அவ்வளவுதான். அதான் நல்ல எடமா, என் கண்ணு படுற மாதிரி, பக்கத்துல வச்சுக்கிட்டேன்.”

“பிளாஸ்டிக் விரிச்சிருக்கலாமே?” என்றேன், ஏதோ தெரிந்தவன் போல.

“பிளாஸ்டிக்குல காயி புழுங்கிரும்ணே!” என்று ஈஸ்வரியும் காஜா பாயும் ஒரே குரலில் சொன்னார்கள். “நானா இருந்தாலும் அங்கதான் வச்சிருப்பேன்” என்றும் சேர்த்துக்கொண்டார் பாய். போடிக்காரர்களிடம் ஏலக்காயைப் பற்றி வாயைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டேன்.

மதியத்துக்கு மேல் என் கம்ப்யூட்டரை மாட்டினார். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மீட்டரில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று கண்ணடித்தது. எனக்கு என் மனைவியின் முகம்தான் ஞாபகம் வந்தது.

“பயப்படாதீகண்ணே. இந்தச் சாவிய அதுக்கு அடையாளம் தெரியல. வேத்து ஆளுன்னு நெனைக்குது.”

பழைய பலகையில் எட்டுக் கால் வைத்த ஒரு சின்னச் சில்லு. எறும்பைவிடக் கொஞ்சம் பெரிசு. சாவியின் அடையாளம் அதில்தான் இருக்கிறதாம். களிம்பு அதைத் தொடவில்லை. பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, ஈயத்தை உருக்கி, அந்தச் சில்லை அலுங்காமல் எடுத்து என் பெட்டிக்கு மாற்றிப் பற்றவைத்தார். ஒரு கால் உடைந்தாலும் போச்சு. ஒன்றரை மணி நேரம் நாங்கள் மூவரும் பேசவே இல்லை. ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்ததற்கு ஈஸ்வரி அவரை முறைத்த முறைப்பில் அவர் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தத் தடவை சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. டிரையரை வைத்து அரை மணி நேரம் சூடு பிடித்தார். நிற்கவில்லை. புதுப் பஞ்சும் ரப்பர் விரிப்பும் போட்டு மூடிவிட்டு, “அக்கா, இந்த எடத்துல இனிமே ஈரத் துணிகூடக் கூடாது” என்றார்.

சொல்லி அனுப்பியதும் பெரியவர் வந்தார். காஜா பாய் சூடு, சில்லு எல்லாம் சொன்னார். பெரியவர் பழைய பலகையின் களிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இது எப்பிடி வந்துச்சு?”

“மழத் தண்ணி எறங்கியிருக்கும், மாமு” என்றார் பாய், ஈஸ்வரியைப் பார்க்காமல். நல்ல மனதோடு சொன்ன பொய். நானும் ஆமாம் போடத் தயாராக வாயைத் திறந்தேன்.

“மழை இல்ல மாமா” என்றாள் ஈஸ்வரி. “என் காய்த் தண்ணி. முன்னாடி வச்சு வச்சு நான்தான் இதக் கொன்னேன். ஆனா ஓட்டிக் கொல்லல.”

அடிப் பாவி, கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்துவிட்டாளே என்று திறந்த வாயை மூடிக்கொண்டேன். பெரியவர் பலகையைப் பாயிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு சாவியை வாங்கி இடுப்பில் சொருகினார். “நாளைக்குக் காலைல நானும் வர்றேன்” என்று மட்டும் சொன்னார். அந்த இரவு ஈஸ்வரி சாப்பிடவில்லை. அவள் பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் அதைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

நான்காம் நாள் விடிந்ததும் கிளம்பினோம். பெண்களை ஏற்றிய ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஈஸ்வரியின் காரில் ஏற யாரும் வரவில்லை. கிளம்பும்போதுதான் சாவியைக் கொடுத்தார் பெரியவர். “சாயங்காலம் எங்கிட்ட வந்துரணும்.” அவர் முன்னால் உட்கார்ந்து தலைக்கு மேல் இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். வளைவுக்கு வளைவு கீழே போடி சின்னதாகிக்கொண்டே போனது. எங்கள் கேமரன் மலைப் பாதையும் வளையும்தான், ஆனால் அங்கே எதிரே வருகிறவன் இப்படி நம் நடு நெஞ்சுக்குக் குறி வைக்க மாட்டான்.

ஒரு வளைவின் நடுவில், நல்ல ஏற்றத்தில், “இங்கன நிறுத்து” என்றார் பெரியவர். வண்டி நின்றுபோன அதே இடம். மண் மேட்டில் பம்பர் கீறிய தடம் இன்னும் இருந்தது. ஈஸ்வரி நிறுத்தினாள். பின்னால் ஒரு லாரி வந்து உறுமியது.

“அணைச்சிட்டு எடு.”

அணைத்தாள். சாவியைத் திருப்பினாள். கிளட்சைப் பாதி விட்டு, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினாள். வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை, வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. பெரியவர் ஒரு கையை மட்டும் கைப்பிடியிலிருந்து எடுத்தார்.

மெட்டில் டீ குடித்தோம். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் மலையாளத்தில் பேசிச் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். “பாண்டிக்காரி வண்டி இன்னிக்கு எந்த வளைவுல படுக்கும்னு பேசிக்கிறாகண்ணே” என்றாள் ஈஸ்வரி, டீயை ஆற்றிக்கொண்டே. தமிழச்சியை அங்கே அப்படித்தான் இளக்காரமாகச் சொல்வார்களாம். பெரியவர் தம்ளரையே பார்த்தார். மூன்று மாதமாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் அவள் மேலேயும் கீழேயும் போய்வந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜீப்பில் வந்த பெண்கள் பறித்ததில், மத்தியானத்துக்கு மேல் தோட்டத்தில் மூன்று சாக்கு காய் சேர்ந்தது. ஓடையில் அலசி, கட்டி, தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கி வந்தாள். பின்சீட்டில் பழைய சாக்கு விரித்து இரண்டை என் பக்கத்தில் அடுக்கினாள். மூன்றாவது சாக்கோடு பழக்கத்தில் நேரே முன் கதவுக்குப் போனவள், குனிந்து, அந்த ரப்பர் விரிப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். டிக்கியில் மருந்து கேன். பின்னால் இடமில்லை. என் மடியைப் பார்த்தாள். என்னிடம் மிச்சமிருந்ததே ஒரு உலர்ந்த கால்சட்டைதான், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“கொண்டா” என்றார் பெரியவர்.

“வேட்டி, மாமா.”

“வெரசாக் கொண்டாங்குறேன்ல.”

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கஞ்சி போட்ட வேட்டி சொதசொதவென்று காலோடு ஒட்டிக்கொண்டது. சொட்டுகிற தண்ணீர் கீழே போகாமல் வேட்டி நுனியைச் சுருட்டி அணை கட்டினார். இரண்டு கையாலும் சாக்கைப் பிடித்திருந்ததால் கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லை. நாலு கிலோமீட்டரும் இறக்கமும் வளைவுமாக இருந்தது. ஒரு தடவைகூட “மெதுவா” என்று அவர் சொல்லவில்லை.

ஸ்டோர் வாசலில் ஆள் ஓடி வந்து கதவைத் திறந்தான். இடுப்பு முதல் முழங்கால் வரை நனைந்து, மேலெல்லாம் ஏலக்காய் மணக்க இறங்கிய பெரியவரைப் பார்த்து மலையாளம் கலந்த தமிழில், இன்றைக்கு வண்டியை நீங்கள்தானே ஓட்டி வந்தீர்கள், அதுதான் நிற்காமல் வந்திருக்கிறது என்றான்.

“அவதான் ஓட்டுறா” என்றார் பெரியவர். “நான் மூட்ட பிடிக்க வந்தேன்.”

ஈஸ்வரி சாவியை எடுத்து, சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் பார்த்தார். கேட்கவில்லை.